கண்ணிலும் மூளையிலும் ஓடும் நீர்: குழாயைத் திருகுவது நரம்புதான்

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்கு டிமோலோல் என்று ஒரு சொட்டு மருந்து உண்டு. அதை எழுதித் தருவதற்கு முன்னால் டாக்டர் கண்ணைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். "ஆஸ்துமா இருக்கா? இதயம் மெதுவாத் துடிக்குதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்றும் கேட்பார். ஒரு முறை அத்தைக்குத் துணையாகப் போயிருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டதும் அத்தை என் பக்கம் சாய்ந்து, கண்ணைக் காட்ட வந்தால் மூச்சைப் பற்றி விசாரிக்கிறாரே, வேறு யாருடைய ஃபைலையாவது பார்க்கிறாரா என்று நம் மொரீஷியஸ் கிரியோலில் காதைக் கடித்தார். டாக்டர் சரியான ஃபைலைத்தான் வைத்திருந்தார். கண்ணுக்குள் நீர் ஊறுவதை முடுக்கிவிடுகிற நரம்புக் கட்டளையும், மூச்சுக்குழாயை விரித்து வைக்கிற கட்டளையும் கிட்டத்தட்ட ஒரே பூட்டைத்தான் திறக்கின்றன. அந்தப் பூட்டை அடைக்கிற மருந்து கண்ணில் விழுந்தாலும் நெஞ்சு வரைக்கும் போய்விடும்.

முதலில் ஒரு விஷயம். இங்கே பேசப்போகிற நீர் அழும்போது வரும் கண்ணீர் இல்லை. கண்ணீர் கண்ணுக்கு வெளியே, இமைக்கு அடியில் ஓடுவது. நான் சொல்வது விழிக்கு உள்ளே, முன்பக்கத்தில் இருக்கிற தெளிந்த நீர். டாக்டர்கள் அக்வஸ் ஹியூமர் என்பார்கள். கண்ணின் லென்ஸிலும் முன்னாலுள்ள கண்ணாடி போன்ற கார்னியாவிலும் இரத்தக்குழாய் கிடையாது, அங்கே இரத்தக்குழாய் இருந்தால் ஒளி உள்ளே எப்படித் தெளிவாகப் போகும்? அதனால் சோறு போடுவது, குப்பை அள்ளுவது எல்லாம் பெரும்பாலும் இந்த நீரின் பொறுப்பு. நிறப்படலத்துக்குப் பின்னால் சிலியரி உடலம் என்று ஒரு வளையம் இருக்கிறது, அங்கேதான் இது ஊறுகிறது. பகலில் நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் அளவில், அதாவது ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ஆனால் முன்கண்ணில் இருக்கிற மொத்த நீரே கால் மில்லிலிட்டர்தான் என்பதால், இரண்டு மணி நேரத்துக்குள் பழையது முழுவதும் போய்ப் புதியது வந்துவிடுகிறது.

நம் ஊரில் ஒவ்வொரு வீட்டின் மேலும் நிற்கிற தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேல்மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டதாக. உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. வருவதும் போவதும் சமமாக இருக்கும் வரை கவலையில்லை. வெளியே போகும் வழி கொஞ்சம் அடைத்துக்கொண்டாலும் உள்ளே அழுத்தம் ஏறும். கண்ணில் அந்த வெளிவழி நிறப்படலமும் கார்னியாவும் சந்திக்கிற மூலையில், சல்லடை போன்ற ஒரு வலைப்பின்னலாக இருக்கிறது. அதைத் தாண்டினால் ஷ்லெம் கால்வாய், அங்கிருந்து சிரைகள், சிரையிலிருந்து இரத்தம். இதற்குப் பக்கத்திலேயே, சிலியரி தசையின் இழைகளுக்கு நடுவே கசிந்து போகிற இன்னொரு சின்ன வழியும் உண்டு. சாதாரணமாகக் கண்ணுக்குள் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். இதைக் கையில் பட்டை கட்டிப் பார்க்கிற இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கட்டுக்குள் இருந்தும் கண் அழுத்தம் ஏறியவர்கள் நிறையப் பேர்.

சரி, நரம்பு எங்கே வருகிறது? நரம்பு தண்ணீரைத் தொடுவதே இல்லை. அது பேசுவது மூன்று பேரோடு மட்டும்: நீரைச் சுரக்கிற செல், தசை, இரத்தக்குழாய். இந்த மூவர் செய்வதைப் பொறுத்துத்தான் நீர் கூடும், குறையும், வேகமாக ஓடும், தேங்கும். கண்ணுக்கும் இதுதான், மூளைக்கும் இதுதான்.

நாம் நினைக்காமல் தானாக வேலை பார்க்கிற நரம்பு மண்டலத்துக்கு இரண்டு கிளைகள். ஒன்று பரிவு நரம்பு, அதாவது சிம்பதடிக். பயம், ஓட்டம், விழிப்பு எல்லாம் இதன் ஆட்சி, நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கக்கி வேலை வாங்கும். மற்றது எதிர்ப்பரிவு நரம்பு, பாராசிம்பதடிக், ஓய்வும் செரிமானமும் இதன் பக்கம், இது கக்குவது அசிட்டைல்கோலின். பள்ளிப் புத்தகத்தில் ஒன்று முடுக்கும், மற்றது அடக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது பாதிதான் சரி. எந்த உறுப்பில் எந்த ஏற்பி, அதாவது அந்த வேதிப்பொருள் திறக்கிற பூட்டு, இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே நரம்பு ஓரிடத்தில் முடுக்கும், இன்னோரிடத்தில் அடக்கும். இதற்குக் கண்ணையும் மூளையையும் விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம், கீழே வருகிறது.

சிலியரி உடலத்தில் இருப்பது பீட்டா ஏற்பி. பரிவு நரம்பின் செய்தியோ இரத்தத்தில் வரும் அட்ரினலினோ அதைத் தொட்டால் நீர் அதிகம் ஊறும். டிமோலோல் அந்த ஏற்பியின் மேல் உட்கார்ந்துகொண்டு செய்தியை உள்ளே விடாது, ஊற்று குறையும், அழுத்தம் இறங்கும். அமெரிக்காவில் 1978இல் அனுமதி பெற்ற மருந்து, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சிக்கல் என்னவென்றால் நுரையீரலின் மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பி இருக்கிறது, அங்கே அதன் வேலை குழாயை விரித்து வைப்பது. இதயத்திலும் இருக்கிறது, அங்கே துடிப்பைக் கூட்டுவது. ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும், கண்ணின் ஓரத்தில் அவ்வளவு தங்க இடமில்லை. மிச்சம் மூக்கோரத்தில் இருக்கிற சின்னத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கினாலாவது கல்லீரல் முதலில் கொஞ்சம் வடிகட்டும்; இந்த வழியில் அதுவும் இல்லை. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகுவதும், ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கிற இதயம் இன்னும் மெதுவாவதும் இப்படித்தான்.

இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு, பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கும் கண்ணும் சேருகிற அந்த உள்மூலையை விரல் நுனியால் அழுத்தி இரண்டு நிமிடம் போல வைத்திருக்க வேண்டும். இமைகளை இறுக்கிக் கசக்கக் கூடாது, வேகமாகச் சிமிட்டவும் கூடாது, சிமிட்டினால் அதுவே பம்பு மாதிரி மருந்தை மூக்குக்குள் தள்ளிவிடும். இப்படிச் செய்தால் மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்புக்குள் போவது நன்றாகக் குறையும். ஆஸ்துமா இருக்கிறவர், விரலால் அழுத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் இந்த மருந்தைப் போடக் கூடாது. அவருக்கு வேறு மருந்து இருக்கிறது.

ஊற்றை விட்டுவிட்டு வெளிவழிக்கு வருவோம். அங்கே ஆள் எதிர்ப்பரிவு நரம்பு. மூளைத்தண்டிலிருந்து மூன்றாம் கபால நரம்போடு சேர்ந்து வந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு முடிச்சில் கைமாறி, சிலியரி தசைக்கும், பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளையை, சுருக்குகிற தசைக்கும் போகிறது. சிலியரி தசை சுருங்கும்போது அந்த வலைப்பின்னலைப் பிடித்து இழுத்து அதன் துளைகளை விரிக்கிறது, நீர் சுலபமாக வெளியேறுகிறது. பிரேசிலில் வளரும் ஜபோராண்டி செடியின் இலையிலிருந்து எடுத்த பைலோகார்பின் 1870களிலிருந்தே கண்ணுக்குப் போடப்பட்டு வருகிறது, அது அசிட்டைல்கோலின் வேஷம் போட்டுக்கொண்டு இதே வேலையைத்தான் செய்கிறது. கூடவே பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, வெளிச்சம் மங்கி, புருவத்தில் வலி வந்து, பலர் வெறுத்துப்போவார்கள்.

பாப்பா விரிவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, கண்ணின் அந்த மூலை பிறவியிலேயே குறுகலாக இருக்கிறவர்களுக்கு. இருட்டிலோ பதற்றத்திலோ பாப்பா பாதி விரிந்து நிற்கும்போது, நிறப்படலம் சுருண்டு மூலையில் ஒதுங்கி வடிகாலையே மூடிவிடலாம். நீர் ஊறிக்கொண்டே இருக்கும், போக வழியிருக்காது, சில மணி நேரத்தில் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும். கண் சிவந்து, தாங்க முடியாத வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு இரவை வீணாக்குகிறவர்கள் உண்டு. சில சளி மாத்திரை, பயண வாந்தி மாத்திரை அட்டைகளில் கிளாக்கோமா இருந்தால் சாப்பிடாதீர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் இதற்குத்தான்: அவை அசிட்டைல்கோலினைத் தடுத்தோ பரிவு நரம்பின் வேலையைத் தாங்களே செய்தோ பாப்பாவை விரிக்கின்றன.

மற்ற சொட்டு மருந்துகளைப் பற்றி நீட்டவில்லை. பிரிமோனிடின் ஆல்பா-2 என்ற இன்னொரு ஏற்பியைத் தட்டி ஊற்றைக் குறைக்கிறது, லாட்டனோபிராஸ்ட் நரம்போடு பேசாமல் அந்தப் பக்கவழிக் கசிவைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

நம் தீவில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடச் சர்க்கரை இந்தத் தானியங்கி நரம்புகளையே அரிக்கும். பாப்பா சின்னதாகவே நின்றுவிடும், இருட்டில் விரிய மறுக்கும். அதோடு விழித்திரைக்கு இரத்தம் பற்றாமல் போனால் கண் புதுப்புது இரத்தக்குழாய்களை முளைக்கவிடும், அவை வடிகால் மூலையில் படர்ந்து அடைத்துக்கொள்ளும். சர்க்கரைக்காரர் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை. மோகாவில் பாரதியார் பெயரைத் தாங்கி நிற்கிற அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது, காசும் கேட்கமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இரவு. தூங்கும்போது பரிவு நரம்பு அடங்கிவிடுகிறது, கண்ணில் நீர் ஊறுவது பகலில் இருப்பதில் பாதியாகக் குறைகிறது. அப்படியானால் இரவில் கண் அழுத்தம் இறங்க வேண்டும் இல்லையா? பெரும்பாலும் ஏறுகிறது. காரணம், நாம் படுத்திருக்கிறோம். படுத்ததும் தலையிலுள்ள சிரைகளில் அழுத்தம் கூடுகிறது, கண்ணின் வடிகால் போய்ச் சேருவது அந்தச் சிரைகளில்தான். ஊற்று குறைந்தும் வெளியேற முடியாமல் நீர் நிற்கிறது. தூக்கத்தில் டிமோலோல் அதிகம் உதவாததும் இதனால்தான், அது அடக்க வேண்டிய நரம்பு ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறதே! இதே கணக்கில், சிரசாசனத்தில் நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. யோகா வகுப்புக்குப் போகிறவர்களில் கிளாக்கோமா இருப்பவர்கள் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு அந்த ஒரு ஆசனத்தை மட்டும் விட்டுவிடலாம்.

இப்போது மூளை. மூளையும் தண்டுவடமும் மிதந்துகொண்டிருப்பதும் ஒரு தெளிந்த நீரில்தான். பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு ஊறுவது ஏறக்குறைய அரை லிட்டர், ஆக நாளுக்கு மூன்று முறைக்கு மேல் மாறுகிறது. மூளைக்குள் இருக்கிற அறைகளில் கோராய்டு பிளெக்சஸ் என்ற குஞ்சம் போன்ற திசு இதைச் சுரக்கிறது. சிலியரி உடலத்தின் நெருங்கிய உறவு என்றே சொல்லலாம், இரண்டிலும் ஒரே நொதி வேலை செய்கிறது, அதனால்தான் அசெட்டசோலமைடு என்ற ஒரே மாத்திரையைக் கண் அழுத்தத்துக்கும் கொடுக்கிறார்கள், தலைக்குள் நீரழுத்தம் ஏறியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். (சாப்பிட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும், பயப்பட வேண்டாம்.)

இங்கேதான் நான் மேலே சொன்ன உதாரணம். கழுத்தின் மேல்பகுதியில் பரிவு நரம்பின் முடிச்சு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு கிளை கண்ணுக்குப் போகிறது, ஒரு கிளை கோராய்டு பிளெக்சஸுக்குப் போகிறது. கண்ணில் பரிவு மண்டலம் பீட்டா ஏற்பி வழியாக ஊற்றைக் கூட்டுகிறது என்று பார்த்தோம். மூளையில்? 1978இல், டிமோலோல் சந்தைக்கு வந்த அதே வருடம், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் முயல்களில் அந்த முடிச்சின் தொடர்பை வெட்டிப் பார்த்தார்கள். மூளைநீர் ஊறுவது சுமார் 30 சதவீதம் கூடியது. நரம்பைத் தூண்டிவிட்டால் குறைந்தது. அதாவது அங்கே பரிவு நரம்பு பிரேக். ஒரே முடிச்சு, ஒரே வேதிப்பொருள், நேரெதிர் விளைவு.

ஊறினால் போதுமா, ஓட வேண்டாமா? மூளைநீரை ஓட்டுவது இதயத்துடிப்பும் மூச்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மூளையின் தமனிகள் விம்மி நீரைக் கொஞ்சம் தள்ளும். மூச்சு அதைவிடச் சுவாரசியம்: ஆழமாக உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து தலையிலிருந்து சிரை இரத்தம் கீழே வடிகிறது, அந்த இடத்தை நிரப்ப மூளைநீர் மேலே ஏறுகிறது. 2015இல் எம்.ஆர்.ஐ. வைத்து இதை நேரடியாகவே படம்பிடித்தார்கள்.

மூன்றாவதாக ஒரு மெதுவான அலை இருக்கிறது, அது தூக்கத்தில்தான் பெரிதாகிறது. 2019இல் பாஸ்டனில் ஆட்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயே தூங்க வைத்துப் பார்த்தார்கள் (அந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்கினார்களோ). ஆழ்ந்த தூக்கத்தில் நரம்பு செல்கள் கூட்டமாக ஒரு நொடி அடங்கும், அப்புறம் மூளையில் இரத்தம் கொஞ்சம் குறையும், அந்தக் காலி இடத்துக்கு மூளைநீர் அலையாக உள்ளே வரும், ஏறக்குறைய 20 நொடிக்கு ஒரு அலை. முதலில் நரம்பு, அடுத்து இரத்தக்குழாய், கடைசியில் நீர். நான் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது பாருங்கள்.

அந்த இரத்தக்குழாய்களை ஆட்டுவது மூளைத்தண்டில் இருக்கிற லோகஸ் செருலியஸ் என்ற சின்ன நீலப் புள்ளி. மூளைக்குத் தேவையான நார்அட்ரினலினில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. எலிகளில் பார்த்தபோது தூக்கத்தில் இது சுமார் 50 நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது, அதற்கேற்ப இரத்தக்குழாய்கள் சுருங்கி விரிந்து நீரைத் தள்ளுகின்றன என்று 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே எலிகளுக்கு சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைக் கொடுத்தால் தூங்கின, ஆனால் அந்த அலை சுருங்கிப்போனது.

இதையெல்லாம் வைத்து, தூங்கினால் மூளை கழுவப்படுகிறது என்று ஒரு செய்தி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது 2013இல் அமெரிக்காவில் ராசெஸ்டரில் நடந்த எலி ஆய்விலிருந்து கிளம்பியது: தூங்கும் எலியின் மூளையில் செல்களுக்கு இடையிலான இடம் 14 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக விரிந்தது, கழிவு வேகமாக வெளியேறியது. விழித்திருக்கும் எலியில் நார்அட்ரினலினைத் தடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதை. அழகான ஆய்வு. ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு வேறு முறையில் அளந்து, தூக்கத்தில் வெளியேற்றம் கூடவில்லை, குறைகிறது என்றது. சண்டை இன்னும் தீரவில்லை. என் கருத்து என்னவென்றால், தூக்கத்தில் நீரின் ஓட்டம் மாறுகிறது, அதை மாற்றுவது நரம்பு என்பது வரை தைரியமாகச் சொல்லலாம். மூளையைக் கழுவித் தருகிறோம் என்று தலையணையும் பொடியும் விற்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். சோல்பிடெம் சாப்பிடுகிறவர்கள் எலிச் செய்தியைப் படித்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

கண்ணும் மூளையும் இரண்டு தனித்தனிக் கதை இல்லை. பார்வை நரம்பைச் சுற்றி உறையாக இருப்பது மூளைநீர்தான், அது கண்ணின் பின்சுவர் வரைக்கும் வருகிறது. அங்கே துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய தட்டு. முன்பக்கம் கண்ணின் அழுத்தம், பின்பக்கம் மூளையின் அழுத்தம். பார்வை நரம்பின் இழைகள் இந்த இரண்டுக்கும் நடுவே நுழைந்து போக வேண்டியிருக்கிறது. 2020இல் எலி வகைகளில் இன்னொன்றும் தெரிந்தது: விழித்திரையின் கழிவும் நீரோடு சேர்ந்து பார்வை நரம்பு வழியாகவே பின்னால் வடிகிறது, ஒளி பட்டுப் பாப்பா சுருங்கும்போது அந்த ஓட்டம் இன்னும் கூடுகிறது. வெளிச்சத்துக்குப் பாப்பா சுருங்குவது அனிச்சை நரம்புச் செயல். அதற்குள் இப்படி ஒரு பம்பும் ஒளிந்திருப்பதை அதுவரை யாரும் பார்க்கவில்லை.

செய்தி எதிர்த்திசையிலும் போகும். தலைக்குள் அழுத்தம் அபாயமாக ஏறினால், மூளைத்தண்டு இரத்தம் கிடைக்காமல் தவித்துப் பரிவு நரம்பை உசுப்பிவிடும், இரத்த அழுத்தம் எகிறும், நாடி மெதுவாகும், மூச்சு தாறுமாறாகும். அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் நூறு வருடத்துக்கு முன்பே விவரித்தது. அதற்கு வெகு முன்னாலேயே, அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பின் தலை வீங்கித் தெரியும். காலையில் எழும்போது அதிகமாக இருக்கிற தலைவலி, குனிந்தால் சில நொடி பார்வை இருட்டுவது, காதில் நாடியோடு சேர்ந்து வரும் இரைச்சல், இவை சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொண்டு திரும்பிவிடாமல், பாப்பாவை விரித்துப் பின்கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.